உந்துவிசிறிப் போர் விமானங்கள்: எது சிறந்தது என்று அளப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரிற் பறந்த சண்டை விமானங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அவற்றுள் எது சிறந்தது?" என்னும் வினாவும் உடன் எழுவது இயல்பு. மாணவர்கள் இதனை ஆர்வத்தோடு கேட்பர். விடை கூறுவோரும் தயங்குவதில்லை. மணிக்கு இத்தனை மைல் வேகம் என்று ஓர் எண்ணைச் சொல்லி, பெரிய எண்ணை உடைய விமானத்திற்கு வெற்றிமாலை சூட்டி விடுவர். குதிரைப் பந்தயத்திற்கு இம்முறை பொருந்தும். வானத்தில் நடக்கும் போருக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் முதல் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் வரை, எழுபது நாட்கள், மலாயா சிங்கப்பூர் வானமே இக்கேள்விக்குரிய தேர்வுக்கூடமாக இருந்தது. ஒருபுறம், அமெரிக்காவிற் செய்யப்பட்டுப் பிரிட்டனுக்கு விற்கப்பட்ட 'பஃபலோ' விமானங்கள் நின்றன. போரின் நடுவே 'ஹரிக்கேன்' விமானங்களும் வந்து சேர்ந்தன. மறுபுறம், ஜப்பானியத் தரைப்படையின் 'ஹயபுசா'வும், கடற்படையின் 'ஜீரோ'வும் பறந்தன. யாவும் பெட்ரோல் எஞ்சினால் இயங்கி, மூக்கிலே உந்துவிசிறி சுழலப் பறப்பவை. யாவும் ஒரே விமானியைக் கொண்டவை. தரையிலிருந்து பார்ப்பவர்க்கு அவற்றிடையே பெரிய வேறுபாடு தோன்றாது. ஆயினும் மேலே நடந்த போரின் முடிவு கீழே இருந்த இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வை மாற்றியது.

காகிதத்தில் இரு விமானங்கள்

முதலில் பஃபலோவையும் ஜீரோவையும் காகிதத்தில் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பஃபலோவைச் செய்தது அமெரிக்காவின் புரூஸ்டர் நிறுவனம். பிரிட்டிஷ் படைக்கு வந்த வகையில் 1,100 குதிரைத்திறனுள்ள எஞ்சின் இருந்தது. கனத்த குண்டுகளைச் சுடும் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அதன் உச்ச வேகம் மணிக்கு 320 மைலை ஒட்டியது எனக் குறிப்பிடப்பட்டது.

ஜீரோவைச் செய்தது ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம். அதனை வடிவமைத்தவர் ஹோரிகோஷி ஜிரோ என்னும் பொறியியலாளர். 1939 ஏப்ரல் 1ஆம் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. கடற்படை அதனை ஏற்றுக்கொண்ட 1940ஆம் ஆண்டு ஜப்பானியரின் அரச ஆண்டுக் கணக்கில் 2600 ஆதலால், ஈற்றில் நின்ற சுழியமே அதற்குப் பெயராயிற்று. அதன் எஞ்சின் 940 குதிரைத்திறன் உடையது. உச்ச வேகம் ஏறக்குறைய 15,000 அடி உயரத்தில் மணிக்கு 331 மைல்.

வேகத்தில் வேறுபாடு பத்து மைல் அளவுதான். எஞ்சின் திறனிலோ பஃபலோவே முந்தி நிற்கிறது. அலுவலகத்தில் அமர்ந்து இவ்விரு வரிகளை மட்டும் படிப்பவர், இரண்டும் சமம் என்றே முடிவு கட்டுவார். அக்காலத்தில் தூரக்கிழக்குப் பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த சர் ராபர்ட் புரூக்-போப்பம், சிறந்த விமானங்களை இங்கிலாந்து வைத்துக்கொள்ளட்டும், மலாயாவிற்குப் பஃபலோவே போதும் என்னும் கருத்தை வெளிப்படையாகவே கூறினார்.

வேக எண்கள் ஏன் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். விமானம் வேகமாகச் செல்லச் செல்லக் காற்றின் தடை கடுமையாக ஏறுகிறது. வேகத்தை இரு மடங்காக்க எட்டு மடங்கு திறன் தேவை. வேகத்தில் நூற்றுக்குப் பத்துக் கூட்டுவதற்கே எஞ்சின் திறனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்த்த வேண்டும். ஆகவே ஒரே காலத்தில், ஒத்த எஞ்சின்களோடு கட்டப்பட்ட விமானங்களின் உச்ச வேகம் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். உண்மையான வேறுபாடு வேறிடத்தில் மறைந்து கிடக்கும்.

எடையும் இறக்கையும்

அவ்வேறுபாட்டைக் காண இரு கணக்குகள் போதும். ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலேயே மாணவர்க்குக் கொடுக்கலாம்.

பெட்ரோலும் குண்டுகளும் நிரப்பிய பஃபலோவின் எடை ஏறக்குறைய 6,800 இராத்தல். இறக்கைப் பரப்பு 209 சதுர அடி. ஜீரோவின் எடை ஏறக்குறைய 5,300 இராத்தல். இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 241 சதுர அடி. எடையைப் பரப்பால் வகுத்தால், பஃபலோவின் ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் 32 இராத்தலுக்கு மேல் சுமக்கிறது. ஜீரோவின் இறக்கை சதுர அடிக்கு 22 இராத்தலே சுமக்கிறது. இதனை 'இறக்கைச் சுமை' எனலாம்.

இறக்கைச் சுமை குறைந்த விமானம் சிறு வட்டத்தில் திரும்பும். மற்றவை ஒத்திருக்குமானால், வட்டத்தின் அளவு இறக்கைச் சுமைக்கு நேர் விகிதமாகும். அவ்வாறாயின், பஃபலோவின் மிகச் சிறிய வட்டம் ஜீரோவின் வட்டத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சண்டை விமானத்தின் துப்பாக்கிகள் முன்னோக்கிப் பொருத்தப்பட்டவை. எதிரியைச் சுட வேண்டுமெனில் விமானத்தையே அவன் பக்கம் திருப்ப வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் சுற்றத் தொடங்கினால், சிறு வட்டத்திற் சுற்றுபவன் சில சுற்றுகளில் மற்றவனின் வாலுக்குப் பின்னே வந்து விடுவான். அதன்பின் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு, எடையை எஞ்சின் திறனால் வகுப்பது. பஃபலோவில் ஒரு குதிரைத்திறன் 6 இராத்தலுக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தது. ஜீரோவில் அது 5½ இராத்தலைச் சற்றே தாண்டியது. வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், மேலே ஏறும்போது அது பெரிதாகிறது. சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் பிரிட்டிஷ் வான்படையினர் எழுதிய அறிக்கையின்படி, 13,000 அடி உயரத்தை எட்ட ஜீரோவிற்கு 4.3 நிமிடமும் பஃபலோவிற்கு 6.1 நிமிடமும் ஆயின. இரண்டு நிமிடத்திற்கும் குறைவான இடைவெளிதானே என்று எண்ணலாகாது. அந்த இடைவெளிக்குள் குண்டுவீச்சு விமானம் ஆறேழு மைல் கடந்துவிடும். வட மலாயாவின் விமானத் தளங்களிலோ எதிரி வருவதை முன்கூட்டி அறிவிக்கும் வசதி மிகக் குறைவு. ஏறி முடிப்பதற்குள் குண்டுகள் விழுந்து முடிந்தன.

"எந்த உயரத்தில்?"

ஒரு விமானத்தின் வேகத்தை யாரேனும் கூறினால், நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எந்த உயரத்தில்?" என்பதே. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஏறக்குறைய 22,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதிற் பாதியாகி விடுகிறது. காற்று மெலிந்தால் விமானத்திற்குத் தடை குறைவது நன்மையே. ஆனால் பெட்ரோல் எரிவதற்கு வேண்டிய காற்றும் குறைவதால் எஞ்சின் தளர்கிறது. இத்தளர்ச்சியை ஈடு செய்யச் 'சூப்பர்சார்ஜர்' என்னும் கருவி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டுகிறது. அக்கருவி எவ்வுயரத்திற்கென அமைக்கப்பட்டதோ அவ்வுயரத்தில் எஞ்சின் முழு வலிமையோடு இயங்கும். அதற்கு மேலே வலிமை இறங்கிக்கொண்டே செல்லும். ஆகவே ஒரே விமானம் 10,000 அடியில் ஒருவகை, 25,000 அடியில் வேறொருவகை.

பஃபலோவுக்கு மற்றொரு குறையும் இருந்தது. உயரத்தில் அதன் பெட்ரோல் குழாயில் அழுத்தம் குறைந்து, எஞ்சின் திணறியது. விமானி ஒரு கையால் விமானத்தைச் செலுத்தியவாறே, மறு கையால் பம்பை அடித்துப் பெட்ரோல் ஏற்ற வேண்டியதாயிற்று. போர்க்களத்தில் வாளை வீசிக்கொண்டே கிணற்றில் நீர் இறைப்பவனின் நிலைதான் அது! இத்தகைய குறைகள் எந்த அட்டவணையிலும் அச்சாவதில்லை.

சிங்கப்பூரில் இருந்த படைப்பிரிவுகள் தம்மால் இயன்றதைச் செய்தன. கனத்த துப்பாக்கிகளைக் கழற்றி இலேசானவற்றைப் பொருத்தினர். பெட்ரோலையும் குண்டுகளையும் குறைத்தனர். இன்றியமையாதன அல்லாதவற்றை நீக்கினர். எடை குறைந்தது, ஏற்றமும் திருப்பமும் சற்றுச் சீர்பட்டன. ஆனால் தாக்கும் வலிமையும் பறக்கும் நேரமும் குறைந்து போயின. விமானக் கலையில் ஒன்றைப் பெற வேண்டுமாயின் மற்றொன்றை இழந்தே தீர வேண்டும்.

ஜீரோ கொடுத்த விலை

ஜீரோவும் இவ்விதிக்கு விலக்கன்று. அதன் இலேசான உடல் மந்திரத்தால் வந்ததில்லை. புதுவகை அலுமினியக் கலவையால் அதன் இறக்கைச் சட்டம் செய்யப்பட்டது; எங்கெல்லாம் எடையைக் குறைக்கலாமோ அங்கெல்லாம் குறைக்கப்பட்டது. பயன் பெரிது. கழற்றி எறியத்தக்க மேலதிகத் தொட்டியோடு அது 1,900 மைல் வரை செல்ல வல்லது. போர் தொடங்கிய நாளில், பார்மோசாத் தீவிலிருந்து புறப்பட்ட ஜீரோக்கள் கடலைக் கடந்து பிலிப்பீன்ஸ் தளங்களைத் தாக்கி விட்டுத் திரும்பின. 1940இல் இலண்டன் வரை சென்ற ஜெர்மானியரின் 'மெஸ்ஸர்ஷ்மிட் 109' விமானம், பெட்ரோல் குறைவால் அந்நகரின்மேல் சில நிமிடங்களே போரிட முடிந்தது என்பதை இத்தோடு ஒப்பிட்டால், ஜீரோவின் நெடும்பயணம் எத்தகைய வலிமை என்பது விளங்கும்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையோ கொடியது. விமானியின் முதுகுக்குப் பின்னே எஃகுத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறையிட்ட பெட்ரோல் தொட்டியும் இல்லை. ஆகவே சரியாகப் பட்ட சில குண்டுகளே அதனைத் தீப்பந்தமாக்கப் போதுமானவை. தரைப்படையின் ஹயபுசா இன்னும் இலேசானது. அதன் முதல் வகையில் இருந்தவை இரண்டே இயந்திரத் துப்பாக்கிகள். அக்காலத்தில் நேச நாட்டு விமானிகள் தாம் கண்ட ஜப்பானியச் சண்டை விமானங்கள் பலவற்றையும் 'ஜீரோ' என்றே அழைத்தமையால், மலாயாவில் ஹயபுசா செய்த வேலையும் ஜீரோவின் கணக்கில் எழுதப்பட்டது.

ஜீரோவின் பிற குறைகள் 1942இல் வெளியாயின. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள், அலாஸ்காவை அடுத்த அலூஷன் தீவுகளில் ஒன்றாகிய அக்குட்டானில் கொகா என்னும் ஜப்பானிய விமானி, சேதமுற்ற தம் ஜீரோவைச் சதுப்பு நிலத்தில் இறக்க முயன்றார். விமானம் கவிழ்ந்தது, விமானி மாண்டார், விமானம் பெரும் சேதமின்றித் தப்பியது. அமெரிக்கர் அதனைக் கண்டெடுத்துச் சான் டியேகோவிற்குக் கொண்டு சென்று செப்பனிட்டுப் பறக்கவிட்டனர். வேகம் கூடியபோது அதன் இறக்கை ஓரத்து அசைவுத் தகடுகள் விறைத்துக்கொண்டன. விமானத்தைப் பக்கவாட்டிற் புரட்டுவது கடினமாயிற்று. வலப்புறம் புரட்டுவது இடப்புறத்தினும் கடினம். மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் பெட்ரோல் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் அணைந்தது. மெதுவாகப் பறக்கையில் வெல்லற்கரிய ஜீரோ, மிகு வேகத்தில் கைகால் கட்டப்பட்டதாகி விடுகிறது என்பது இச்சோதனையிற் புலனாயிற்று.

இடம் மாறினால் தரமும் மாறும்

மலாயாவில் தோற்ற பஃபலோவின் கதையில் வியப்பூட்டும் பகுதி வடதுருவத்தை ஒட்டிய பின்லாந்தில் நிகழ்ந்தது. பின்லாந்து அதே இன விமானங்கள் 44ஐ வாங்கியது. 1941 முதல் 1944 வரை சோவியத் விமானப்படையை எதிர்த்து அவற்றைப் பறக்கவிட்டது. தாம் இழந்த ஒவ்வொரு விமானத்திற்கும் எதிரியின் இருபதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாகப் பின்லாந்தியர் கணக்கிட்டனர். இல்மாரி யூட்டிலைனன் என்னும் விமானி இவ்வின விமானத்தில் மட்டும் 34 வெற்றிகள் பெற்றவராகப் பதிவு பெற்றுள்ளார்.

போரில் வீழ்த்தியதாகச் சொல்லும் கணக்குகளை எந்நாட்டவர் கூறினும் சற்றுக் குறைத்தே கொள்ள வேண்டும். ஒரே விமானத்தை இருவர் சுட்டு, இருவரும் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்வதுண்டு. புகையோடு தப்பிச் சென்றதும் வீழ்ந்ததாக எண்ணப்படும். அவ்வாறு குறைத்த பின்னரும், பின்லாந்திற் பஃபலோ வெற்றி விமானமே என்பதில் ஐயமில்லை.

ஏன் இந்த வேறுபாடு? பின்லாந்து பெற்ற வகை, மலாயாவிற்கு வந்ததினும் பல நூறு இராத்தல் இலேசானது. எஞ்சின் சூடேறும் தொல்லையை அந்நாட்டுப் பொறியியலாளர்கள் பிஸ்டன் வளையம் ஒன்றைத் திருப்பிப் பொருத்தித் தீர்த்தனர். குளிர்ந்த காற்று எஞ்சினுக்குத் துணை செய்தது. எதிரே வந்த சோவியத் விமானங்கள் பல பழையவை. எல்லாவற்றினும் மேலாக, பின்லாந்து விமானிகள் முன்னமே ஒரு போரிற் பழகியவர்கள். மலாயாவிலோ விமானிகள் பலர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர்கள். எதிர்த்து வந்த ஜப்பானியருள் பலர் சீனப் போரிற் பழகியவர்கள்.

முறையறிந்து போரிட்டோர்

விமானம் மாறினால் மட்டும் வெற்றி வந்துவிடும் என்று எண்ணியவர்க்கும் பாடம் காத்திருந்தது. 1942 ஜனவரியில் 51 ஹரிக்கேன் விமானங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சிங்கப்பூர் வந்தன. ஜனவரி 20ஆம் நாள் அவை முதன்முதலாகப் போரிட்டு, எட்டுக் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டிஷ் தரப்பு கணக்கிட்டது. நகர மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்து ஜீரோக்கள் காவலாக வந்தபோது ஹரிக்கேன்களும் வீழ்ந்தன. வெப்ப நாட்டுப் புழுதியைத் தடுக்கும் வடிகட்டியும், இறக்கைகளிற் பொருத்திய பன்னிரண்டு துப்பாக்கிகளும் அவற்றின் ஓட்டத்தைத் தடுத்தன. பழக்கத்தால் அவற்றின் விமானிகள் ஜீரோவோடு சுற்றிச் சுற்றிப் போரிட முயன்றதும் கேடாயிற்று.

1943இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைக் காத்த 'ஸ்பிட்ஃபயர்' விமானங்களுக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. இங்கிலாந்தைக் காத்த புகழ்பெற்ற இனம் அது. ஆயினும் அவ்வாண்டு மே 2ஆம் நாள் ஒரே போரில் பல ஸ்பிட்ஃபயர்கள் தொலைந்தன. எதிரியின் குண்டால் வீழ்ந்தவற்றோடு, பெட்ரோல் தீர்ந்தும் எஞ்சின் பழுதுற்றும் வீழ்ந்தவை பல.

இதற்கு மாறாக, ஜீரோவினும் மெதுவாகத் திரும்பும் விமானத்தை வைத்துக்கொண்டே வெற்றி கண்டவர்களும் உண்டு. சிங்கப்பூரிற் பஃபலோவிற் பறந்த நியூசிலாந்து விமானி ஜெப்ரி பிஸ்கன், எதிரியோடு சுற்றிப் போரிடுவதைத் தவிர்த்தார். உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நில்லாது விலகுவதே அவர் முறை. மலாயாப் போரிற் பஃபலோ விமானிகளுள் மிகுதியான வெற்றி பெற்றவர் அவரே. சீனாவிலும் பர்மாவிலும் போரிட்ட அமெரிக்கத் தொண்டர் படைக்குத் தலைவரான கிளேர் செனால்ட் இதனையே விதியாகக் கற்பித்தார். அவர்களுடைய 'பி-40' விமானம் கனமானது. திரும்புவதில் ஜப்பானிய விமானத்திற்கு ஈடாகாது. ஆனால் அக்கனமே கீழ்நோக்கிப் பாயும்போது துணையாயிற்று. மேலே இருப்பவனிடம் உள்ள உயரம், அவன் சேமித்து வைத்த வேகமாகும். பாயும்போது அதனை எடுத்துச் செலவிடுகிறான், மேலெழும்போது மீண்டும் சேமிக்கிறான்.

இதன் முழு விளைவை 1943இற் போருக்கு வந்த 'ஹெல்கேட்' காட்டியது. அக்குட்டானிற் கிடைத்த ஜீரோவைப் பார்த்தே ஹெல்கேட் வடிவமைக்கப்பட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது, அந்த ஜீரோ கண்டெடுக்கப்படுவதற்கு முன்னரே, 1942 ஜூன் மாதத்தில், ஹெல்கேட்டின் முதல் மாதிரி பறந்து விட்டது. அதன் எடை ஏறக்குறைய 12,000 இராத்தல். இறக்கைப் பரப்பு 334 சதுர அடி. வகுத்துப் பார்த்தால், இறக்கைச் சுமை சதுர அடிக்கு 36 இராத்தல் அளவாகிறது. பஃபலோவினும் மிகுதி! ஆயினும் 2,000 குதிரைத்திறன் எஞ்சினும், மணிக்கு 375 மைலை ஒட்டிய வேகமும், எஃகுக் கவசமும், நன்கு பயின்ற விமானிகளும் சேர்ந்து ஜீரோவை வென்றன. 1944 ஜூன் 19ஆம் நாள் பிலிப்பீன் கடற்போரில் ஜப்பான் ஒரே நாளில் 200க்கு மேற்பட்ட விமானங்களை இழந்தது. அதற்குள் ஜப்பானின் பழம் விமானிகளுட் பெரும்பாலோர் மாண்டு, போதிய பயிற்சி பெறாத இளைஞர்களே எஞ்சியிருந்தனர். இறக்கைச் சுமை என்னும் ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்பவனும், வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்பவனைப்போலவே ஏமாறுவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பயன்படாத அறிவு

விமானங்களை ஒப்பிடுவோர் கேட்க வேண்டியவை இவை: அந்த வேகம் எந்த உயரத்தில்? எவ்வளவு எடையோடு? அதன் வலிமைக்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது? எந்த வேலைக்காக அது செய்யப்பட்டது? எதிரே நிற்பது எது? அதனை ஓட்டுபவன் அதன் குணத்தை அறிந்தவனா?

இறுதிக் கேள்வியே மலாயாவில் உயிர்களை விலையாகக் கொண்டது. 1941ஆம் ஆண்டிலேயே சீனாவில் ஒரு ஜீரோ வீழ்த்தப்பட்டது. அதன் துப்பாக்கிகள், தொட்டி, வேகம் முதலியவற்றைப் பற்றிய செய்தி சுங்கிங்கிலிருந்து பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது. தூரக்கிழக்கு விமானப்படைத் தலைமையகத்திற்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே அத்தகைய செய்திகளைப் பிரித்து ஆராயும் பிரிவு இல்லாமையால், அது மற்றக் காகிதங்களுக்கிடையே கிடந்தது. போர் முடிந்தபின் எழுதப்பட்ட பிரிட்டிஷ் அறிக்கையே இதனை ஒப்புக்கொள்கிறது. எதிரி விமானத்தோடு சுற்றிப் போரிடலாகாது என்பதை, காலாங்கிலும் செம்பவாங்கிலும் இருந்த இளம் விமானிகள் வானத்திற் போரிட்டே கற்க நேர்ந்தது. கற்றுக்கொண்டோர் சிலர், கற்கும் முன்னரே மாண்டோர் பலர்.

எண்களைத் தொகுப்பது எளிது. அவற்றின் பொருளை உணர்வது அரிது. உணர்ந்ததை, அதனால் வாழவோ சாகவோ போகிறவனிடம் உரிய காலத்திற் சேர்ப்பது அதனினும் அரிது. கல்விப் பணியில் ஈடுபட்டோர், ஒரு கோப்பில் உறங்கிய அந்த அறிக்கையை மறவாதிருத்தல் நன்று.